வெயில் பொது, நிழல்?

“ஐயா, வெயில் எல்லாருக்கும் பொதுத்தானே? பிறகு ஏன் எங்கள் அம்மாவை மட்டும் இப்படிக் கறுக்க வைக்கிறது?”

அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த நாள் அது. கல்லூரியில் வரலாறு பயின்ற நாம், எட்டாம் வகுப்பில் ஒளிப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து இப்படிக் கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை.

அவள் தாயை நாம் அறிவோம். சிவகாசிக்கு அருகே ஒரு பட்டாசு ஆலையின் களத்தில் வேலை. காலையில் சரக்கை வெயிலில் பரப்புவதும், இடையிடையே புரட்டுவதும், மாலையில் அள்ளுவதும் அவர் பணி. மகளின் மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட வந்தபோது அவர் கையைக் கண்டோம். ரவிக்கையின் கை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் இரு நிறம். கோட்டுக்கு மேலே மாநிறம், கீழே கருமை. ஒரே கை, ஒரே தோல், ஒரே குருதி! துணி மறைத்த இடம் ஒரு நிறமாகவும் வெயில் தொட்ட இடம் வேறொரு நிறமாகவும் இருந்தது.

அன்று நாம் அந்தச் சிறுமிக்கு அரை விடைதான் அளித்தோம். “தோலில் ஒரு நிறமி இருக்கிறது, வெயில் பட்டால் அது பெருகுகிறது” என்றோம். அவள் அமர்ந்துவிட்டாள், அவள் கேள்வி அமரவில்லை. பொதுவான வெயில் ஒருவரைக் கறுக்க வைத்து மற்றவரை விட்டுவிடுகிறது என்றால், இடையிலே ஏதோ ஒன்று நிற்கவேண்டும். அது என்ன? நூல்களைப் புரட்டினோம். பாதி விடை அறிவியலில் கிடைத்தது. மறு பாதி நம் வரலாற்றிலேயே கிடந்தது.

வெயிலை முதலாக வைத்த ஊர்

விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மேற்கு மலை தன் மறுபுறத்திலேயே வாங்கிக்கொள்கிறது. நமக்கு வந்து சேர்வது வறண்ட காற்று. கரிசல் வானம் பார்த்துக் கிடக்கிறது. உழவனுக்கு இது பெருங்குறை. 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்தக் குறையையே நிறைவாக்கிக் காட்டினர். குச்சி காயவேண்டும், முனையிலே தோய்த்த மருந்து காயவேண்டும், ஒட்டிய தாள் காயவேண்டும். காயவைக்கும் வெயில் இங்கே காசு கேட்பதில்லை. 1940-ஐ ஒட்டிப் பட்டாசு ஆலைகளும் எழுந்தன. பிற ஊர்களில் ஆற்றங்கரையிலே நாகரிகம் வளர்ந்தது என்பர்; சிவகாசியில் தொழில் வெயிலிலே வளர்ந்தது.

அந்த வெயில் எத்தகையது? சிவகாசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், நண்பகல் ஞாயிறு நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரை பிறக்கும் நாளில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறது! உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11-உம் அதற்கு மேற்பட்டதும் ‘மிகமிகக் கடுமை’ என்று வகுக்கப்பட்டுள்ளது. வானம் தெளிந்த கோடை நண்பகலில் தென் தமிழ்நாடு அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். ஐப்பசியில் ஒரு நாள் ஒளி காட்டப்போகும் மத்தாப்பும் புஸ்வாணமும் இந்த வெயிலிலேதான் காய்கின்றன. அவற்றோடு, அவற்றைப் புரட்டும் கைகளும் காய்கின்றன.

தோல் விரிக்கும் குடை

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அறிஞர், செந்நிற ஒளிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உண்டு என்று கண்டார். சிவப்புக்கு அப்பால் ஒன்று உண்டென்றால் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருக்கலாம் அன்றோ? அடுத்த ஆண்டே செர்மனியில் யோகான் ரிட்டர் என்பவர் அதைத் தேடினார். முப்பட்டகக் கண்ணாடி பிரித்துக் காட்டிய வண்ணப் பட்டையில் வெள்ளிக் குளோரைடை வைத்துப் பார்த்தார். ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு ஒளியே புலப்படாத இடத்தில், அப்பொருள் மற்ற இடங்களைக் காட்டிலும் விரைந்து கறுத்தது. புற ஊதாக் கதிர் மனிதனுக்குத் தன்னை முதன்முதலாக அறிவித்ததே ஒரு பொருளைக் கறுக்கச் செய்துதான்!

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சுடும் கதிர் வேறு, கறுக்க வைக்கும் கதிர் வேறு. அடுப்பருகே நிற்பவர் வியர்ப்பார். களத்தில் நிற்பவரைப்போல் கறுக்கமாட்டார். மெல்லிய மேகம் மூடிய நாளில் உடல் குளிர்ந்திருக்கும், தோலோ கறுத்துக்கொண்டிருக்கும்.

புற ஊதாவில் மூன்று வகை உண்டு. அவற்றுள் மிகக் கொடியதை வளிமண்டலத்தின் ஓசோன் படலம் வழியிலேயே தடுத்துவிடுகிறது. மண்ணை வந்தடைவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு ‘ஏ’ வகை. அது தோலுக்குள் ஆழமாகப் புகும். அங்கே முன்பே இருக்கும் நிறமியை உடனடியாகக் கறுக்கச் செய்யும். எஞ்சிய ‘பி’ வகை அளவிற் சிறிது, ஆற்றலிற் பெரிது. அது மேல்தோல் அணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வையே சிதைக்கிறது.

சிதைவுக்கு ஆளான அணு அபாயக் குரல் எழுப்புகிறது. மேல்தோலின் அடிவரிசையில், பத்து அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் அமர்ந்திருக்கும் மெலனோசைட் என்னும் நிறமியணு அந்தக் குரலைக் கேட்கிறது. மெலனின் என்ற கருநிறமியை மிகுதியாகச் செய்யத் தொடங்குகிறது. செய்ததைச் சிறு பொதிகளாக்கி, கிளை கிளையாக நீண்ட தன் கைகளால் சுற்றியுள்ள அணுக்களுக்கு வழங்குகிறது. பெற்ற அணு அதை எங்கே வைத்துக்கொள்கிறது தெரியுமா? தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாக, குடைபோல் கவிழ்த்து வைத்துக்கொள்கிறது! இரண்டு மூன்று நாட்களில் அந்தக் கருமை வெளியே தெரிகிறது. வெயில் விலகினால், பழைய தோல் உதிர்ந்து புதியது எழும் சில வாரங்களில் மங்கிவிடுகிறது.

ஆக, வெயிலிற் கறுத்த தோல் அழுக்கேறிய தோல் அன்று. தேய்த்துக் கழுவினால் போவதும் அன்று. தாக்குண்ட உடல் தானே விரித்துக்கொண்ட குடை அது. ஆனால் அந்தக் குடை மிகச் சிறியது. வெயிலிற் கறுத்ததனால் மட்டும் கிடைக்கும் கூடுதல் காப்பு மூன்று நான்கு மடங்குக்கு மேல் இல்லை என்பர். “கறுத்தாயிற்று, இனி வெயில் என்ன செய்யும்?” என்று இருந்துவிட இயலாது. கன்னத்திலே மங்கு படர்வதும், தோல் முன்கூட்டியே சுருங்குவதும், கண்ணிலே புரை விழுவதும் இந்தக் கதிரால் மிகுகின்றன. பிறப்பிலேயே கருநிறம் வாய்ந்தோர்க்குத் தோற்புற்று அரிது என்பது உண்மை. அவர்களுக்கு வரவே வராது என்பது உண்மையன்று.

இன்னொரு செய்தியையும் அறிவியல் சொல்கிறது. வெளுத்தவர்க்கும் கறுத்தவர்க்கும் நிறமியணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே! அவை செய்யும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்லினும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உலக மக்களின் தோல் நிறத்தையும் அவர்தம் நாட்டில் விழும் புற ஊதாக் கதிரின் அளவையும் ஒப்பிட்டது. கதிர் மிகுந்த நாட்டில் கருமை குருதியிலுள்ள ஃபோலேட் சத்தைக் காக்கிறது. கதிர் குறைந்த நாட்டில் வெண்மை வைட்டமின் ‘டி’ உண்டாக வழிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. நிறம் நிலத்தின் கணக்கு. தலையிலே பிறந்தான், காலிலே பிறந்தான் என்ற கதைக்கு இதில் இடமே இல்லை.

குடை பறித்தவர்கள்

தோல் விரிக்கும் குடை சிறிதென்றால் கை விரிக்கும் குடை இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது.

குடையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். வேந்தனுக்கு வெண்கொற்றக்குடை இருந்தது. புறநானூற்றின் 35-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரி நீக்கம் கேட்கச் சென்ற வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர், அரசன் குடைக்கு ஒரு புதுப்பொருள் கற்பிக்கிறார். அது அரசனுடைய தலைக்கு வெயில் மறைக்க வந்த பொருளன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தர வந்த பொருள் என்பது அவர் கருத்து. அரசவையில் நின்று, அரசன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல ஒரு புலவனுக்கு நெஞ்சுரம் இருந்தது!

குடிகளுக்கு நிழல் தர வந்த அந்தக் குடை பிற்காலத்தில் என்ன ஆயிற்று? சாதியின் சின்னம் ஆயிற்று. திருவிதாங்கூர் நாட்டில், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பணியக் கூடாது, பெண்கள் மேலாடை போர்த்தக் கூடாது. 1871-இல் நூல் வெளியிட்ட சாமுவேல் மேட்டீர் என்ற பாதிரியார் இந்தத் தடைகளை வரிசையாக எழுதிவைத்துள்ளார். பனையேறும் தொழில் வெயிலிலே நடப்பது. அத்தொழில் செய்தவர்க்குத் தலைக்குக் குடையில்லை, காலுக்குச் செருப்பில்லை, அவர் வீட்டுப் பெண்டிர் தோளுக்குத் துணியில்லை! தோள்சீலைக்காக அம்மக்கள் பல்லாண்டு போராடினர், அடிபட்டனர். 1859 சூலை 26-இல் வெளிவந்த அரசாணை ஒருவகை மேலாடைக்கு இசைவு தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற முள் அதில் இருந்தது. அதே நாட்டில் வாழ்ந்த அய்யா வைகுண்டர், தம் வழி வந்த ஆடவர் தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும் என்றார். வெறுந்தலையாக நிற்கப் பணிக்கப்பட்டவர் தலையிலே துணி ஏறிற்று.

இது மலைக்கு அப்பால் நடந்த கதை என்று நாம் அமைதி கொள்ள வழியில்லை. விருதுநகர் மாவட்டம் 1985-இல் பிரிக்கப்படும்வரை எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 திசம்பரில், ஆதிக்கச் சாதியார் சிலர் கூடி ஆதிதிராவிடர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன் வெள்ளி நகை கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் உடுத்தக் கூடாது. சட்டையும் பனியனும் கூடாது. பெண்டிர் மேலுடம்பை மறைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பணியக் கூடாது!

தோலைக் காப்பதற்கு இன்று மருத்துவர் சொல்லும் வழிகள் எவை? நீண்ட உடை, குடை, நிழல். அந்த வழிகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி அடைத்ததுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல்! மீறியவர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை மிராசுதாரிடம் கூலிவேலை செய்யவேண்டும்; ஆடவர்க்கு நாலணா, பெண்டிர்க்கு இரண்டணா என்றது ஒரு விதி. அவர்தம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்றது வேறொரு விதி. பதினொரு மணி நேரம் வெயில், மேலே துணியில்லை, தலைக்குக் குடையில்லை! பிறகு அதே வாய், “பார், எவ்வளவு கறுப்பாக இருக்கிறான்” என்று பேசிற்று. கறுக்க வைத்தவனே கறுப்பைக் காட்டிப் பழித்தான்.

சாதிக் கொடுமையின் வரலாற்றைப் படிக்கும்போது கோயிலையும் குளத்தையும் தெருவையும் பற்றி நிறையப் படித்தோம். குடையைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிட்டோம். அந்த மாணவி கேட்ட பிறகே அந்த ஒரு வரிக்குள் எத்தனை கோடை எரிந்தது என்று எண்ணிப் பார்த்தோம்.

நிறத்துக்கு விலை வைத்தவர்கள்

பழந்தமிழர் நிறத்தைப் பார்த்த பார்வை வேறு. மாந்தளிர் போன்ற மாமையைப் பெண்ணுக்கு அழகென்றனர். தலைவனைப் பிரிந்தவள் வெளிறிப்போனால் அதற்குப் பசலை என்று பெயரிட்டு, வருத்தத்தின் அடையாளமாக்கினர். முல்லை நிலத்தின் தெய்வம் மாயோன், கருநிறத்தவன். அவனைக் காதலித்த ஆண்டாளை நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் இன்றும் தேரேற்றிக் கொண்டாடுகிறது. ஆனால் அதே வீதியில் பெண் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, “பொண்ணு நல்ல செகப்புங்களா?” என்பதே. கடவுள் கறுப்பாக இருக்கலாமாம். மருமகள் இருக்கக் கூடாதாம்!

மேலைநாட்டு வரலாறு இந்த மதிப்பீட்டின் போலித்தனத்தை நன்கு காட்டும். உழவர் வயலில் உழைத்த காலத்தில், அங்கே வெளுத்த முகம் செல்வத்தின் அடையாளம். சீமாட்டிகள் சிறுகுடை ஏந்தித் திரிந்தனர். பாட்டாளிகள் வயலை விட்டு ஆலைக்குள் அடைபட்ட பிறகு வெளுப்பு வறுமையின் நிறமாயிற்று. ஒளியால் தோல்நோய் தீர்க்கலாம் எனக் காட்டிய டென்மார்க்கின் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1920-களில் கடற்கரையில் கிடந்து உடலைக் கறுக்கவைத்துக்கொள்வது பணக்காரரின் பெருமையாகிவிட்டது. தோல் அதே தோல்; கதிர் அதே கதிர். ஓய்வெடுப்பவனின் நிறம் எதுவோ அது உயர்ந்த நிறம். உழைப்பவனின் நிறம் எதுவோ அது தாழ்ந்த நிறம். இவ்வளவுதான் இதிலுள்ள சூத்திரம்!

நம் நாட்டில் வணிகர் இந்தத் தாழ்வுணர்ச்சியைக் குப்பியில் அடைத்து விற்றனர். 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பு சந்தைக்கு வந்தது. வெளுப்பே வேலையும் மணமும் தரும் என்று விளம்பரங்கள் ஓதின. எதிர்ப்பு வலுத்த பின் 2020-இல் அதன் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என மாறிற்று. பெயர்ப்பலகை மாறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சு இன்னும் மாறவில்லை.

நிழலுக்கு வழி

காப்பு வழிகள் அரியவை அல்ல. முதல் வழியை எந்தச் சிறுவனும் கற்கலாம்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையானால் ஞாயிறு வலுத்துவிட்டது, நிழலுக்குப் போ. நம் மாவட்டத்தில் ஏறத்தாழக் காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்றரை வரை அந்த நேரம். இரண்டாவது துணி. நெருக்கமாக நெய்த, முழங்கையைத் தாண்டிய, அடர்நிறத் துணி நன்கு தடுக்கும். நைந்த வெள்ளைத் துணியும் நனைந்த துணியும் கதிரை உள்ளே விட்டுவிடும். பட்டாசுக் களத்துக்குப் பருத்தியே ஏற்றது. நைலானும் பாலியஸ்டரும் உராய்ந்து மின்பொறி எழுப்பக்கூடும். அங்கே ஒரு பொறி பல உயிர்! மூன்றாவது, தலைக்கும் கழுத்துக்கும் துண்டு. ஒருகாலத்தில் ஆண்டையைக் கண்டால் தோளிலிருந்து இறக்கி இடுப்பிலே கட்டவேண்டியிருந்த அந்தத் துண்டைத்தான் சொல்கிறோம். காப்புக் களிம்புகளும் உண்டு. துத்தநாக ஆக்சைடு கலந்தவை கதிரைத் தடுக்கும். ஆனால் அவற்றைத் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசினால்தான் பயன். நாட்கூலி பெறும் தாய்க்கு அது கட்டுப்படியாகுமா?

ஆகவே முதன்மையான வழி கூலிக்காரரின் கையில் இல்லை. வேலை தருவோர் கையில் இருக்கிறது. சரக்குக்கு வெயில் வேண்டும். சரக்கைப் பரப்பிவிட்ட பின் ஆளும் அங்கேயே நிற்கவேண்டும் என்று எந்த வேதியியல் நூல் சொல்கிறது? விடியலில் பரப்பலாம், வெயில் தாழ்ந்து, சரக்கின் சூடு ஆறிய பின் அள்ளலாம். அதுவே விபத்துக்கும் காப்பு. இடையில் புரட்டும் வேலையை முறைவைத்துப் பகிரலாம். பாதுகாப்பான தொலைவில் ஒரு கொட்டகையும் ஒரு பானைத் தண்ணீரும் வைக்கலாம். 150 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் ஓய்வறை வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறிற்று. கேட்பது சலுகையன்று. குடை மறுக்கப்பட்டவரின் வழிவந்தோர் பலர் இன்று தொழிலதிபர்களாக உயர்ந்திருப்பது நமக்குப் பெருமை. நிழலின் அருமையை அவர்களுக்கு மற்றவர் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

சில நாள் கழித்து அதே வகுப்பைப் பள்ளி வெளியிலே அழைத்துச் சென்றோம். இருவர் இருவராக நின்று ஒருவர் நிழலை ஒருவர் அளந்தனர். கேள்வி கேட்ட மாணவியிடம், “உன் கேள்விக்கு இப்போது முழு விடை சொல்கிறோம். வெயில் பொதுத்தான் அம்மா. நிழலைத்தான் பொதுவில் வைக்கவில்லை” என்றோம். உன் தாயின் கையிலுள்ள கருமை பழிப்புக்குரியதன்று, யாரும் குடை தராதபோது அவர் உடல் தனக்குத் தானே பிடித்துக்கொண்ட குடை என்றும் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. நிழல் அளந்த கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த முறை பள்ளிக்கு வந்த தாய் நம்மிடம் சொன்னார்:

“நெழல் குட்டையானா ஓரமாப் போயி நில்லுன்னு பிள்ளை சொல்லுது ஐயா. ஓரம் இருக்கு. நெழல் எங்கே இருக்கு?”

மகள் கேட்ட கேள்விக்கு நூல்களில் விடை கிடைத்தது. தாய் கேட்ட கேள்விக்கு விடை நூல்களில் இல்லை. அது களத்தின் ஓரத்தில், நாலு கம்பு நட்டுக் கீற்று வேயவேண்டிய இடத்தில் இருக்கிறது.